ஒற்றைக் காலில் ஜெய்ப்பூர்

மார்ச் 19, ரயிலில்

மண்டபத்தின் போன வருஷத்து முகூர்த்த டைரி இது. ஜூலை வரைக்கும் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, எத்தனை இலை என்று நிறைந்திருக்கிறது. அதற்குப் பிறகு வெள்ளைத் தாள். வீணாக்க மனமில்லாமல் எடுத்துவந்தேன்.

நான் பாலகுருசாமி. வயது ஐம்பத்துநான்கு. சங்கரன்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேனேஜர். எந்த வீட்டுச் சித்தப்பா எந்தப் பந்தியில் அப்பளம் வராமல் கோபித்துக்கொண்டு எழுந்தார் என்பதெல்லாம் இருபத்திரண்டு வருஷமாக எனக்கு அத்துப்படி. ஊருக்குள் என்னைக் கண்டால் பலர் குனிந்துகொண்டு போவது மரியாதையால் அல்ல.

ஜூலையில் மேடை அலங்காரக்காரன் விட்டுப்போன குண்டூசி ஒன்று என் இடது பாதத்தில் ஏறியது. சர்க்கரைக் காலுக்கு ஊசி ஏறினாலும் தெரியாது, ஆணி ஏறினாலும் தெரியாது. அந்த ஊசியோடே இரண்டு கல்யாணமும் ஒரு சடங்கும் நடத்தி முடித்தேன். பத்தாம் நாள் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஜெய்ப்பூரில் கால் செய்து கொடுக்கிறார்களாம். அங்கேதான் போகிறோம். "ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு நடந்து வந்துரும் வே, சாவி உம்ம கையிலதான்" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். நடந்து வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சாவிக்கொத்தை இப்போது அவருடைய மச்சான் மகன் விரலில் சுற்றிக்கொண்டு திரிகிறான்.

துணைக்குக் கொம்பையா. என் மனைவி சண்முகக்கனியின் தம்பி, மைக்செட் கடை வைத்திருக்கிறான். தொழில் தொண்டையில் ஒட்டிக்கொண்டதால், ரயிலில் தண்ணீர் கேட்டாலும் நாலு பெட்டிக்குக் கேட்கிறது. புனேயில் முறுக்குக் கடையில் ரெண்டு வருஷம் நின்றவன். அதனால் இந்தி தெரியும் என்கிறான்.

அங்கன்வாடியில் ஆய்வுக்கு வருகிறார்கள் என்று கனிக்கு லீவு இல்லை. ஸ்டேஷனில் அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியிடம்தான் சொன்னாள்.

"ஏல, காலையிலயும் சாயங்காலமும் அத்தான் உள்ளங்கால கண்ணாடி வச்சுப் பாக்கணும். அவங்களுக்கு அதுல உணர்ச்சியே கிடையாது. இந்த ஒரு கால்தான் மிச்சம், இதையும் விட்டுட்டா அவ்வளவுதான்னு டாக்டர் சொன்னத நீயும் கேட்டேல்லா? அவங்க பாத்தாச்சுன்னு சொன்னா நம்பாத. நீ பாரு."

எட்டு மாதமாக அவள்தான் பார்க்கிறாள். பூதக்கண்ணாடியில் வைரம் பார்க்கும் நகைக்கடைக்காரர் முகம் இருக்குமே, அந்த முகத்தோடு.

மார்ச் 21, ஜெய்ப்பூர்

வந்து சேர்ந்தோம். ஊரே இளஞ்சிவப்பு என்றார்கள். கிட்டத்தில் பார்த்தால் நம்மூர்ச் செங்கல்பொடிக் கலர். முழு ஊருக்கும் ஒரே பெயிண்ட் அடிக்க ராஜா உத்தரவு போட்டானாம். எங்கள் முதலாளிக்கு ஒரு மண்டபத்துக்கு அடிக்கவே மூன்று வருஷம் ஆனது.

லாட்ஜில் தரைத்தளம் கிடைத்தது. கழிவறையில் படி இல்லை. ராஜவாழ்க்கை.

மார்ச் 22

கால் செய்யும் இடத்துக்குப் போனோம். இத்தனை ஒற்றைக்கால்களை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. சம்பந்தி வீட்டார் மாதிரி ஒருவரை ஒருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டோம். நான் சர்க்கரை. பக்கத்தில் இருந்தவர் ரயில். அதற்கு அடுத்தவர் டிராக்டர். இதில் சர்க்கரைக்கு மதிப்பே இல்லை.

அளவெடுக்கிறவர் பெயர் பன்வர்லால். அவருக்கும் ஒரு கால் செய்த கால்தான். ஸ்டூலில் ஏறிக் குதித்துக் காட்டினார். என் வெட்டுவாயைத் தொட்டுப் பார்த்து, வீக்கம் இருக்கிறது, இறுக்கிக் கட்டுப்போட்டு வீக்கம் வற்றட்டும், இருபத்தேழாம் தேதி வாருங்கள், அன்றைக்கே செய்து மாட்டிவிடலாம் என்று கைஜாடையோடு சொன்னார். கொம்பையா மொழிபெயர்த்தது: "நல்லா இருக்காம். ஆனா நல்லா இல்லையாம்."

சாயங்காலம் கண்ணாடியும் கையுமாக வந்து நின்றான்.

"காட்டுங்க அத்தான்."

"நானே பாத்துட்டேன் மாப்ள."

"அக்கா என்னைத்தான பாக்கச் சொன்னா?"

"பாத்தாச்சுன்னா விடு."

எப்படிக் காட்டுவது? மச்சினன் கையில் காலைக் கொடுப்பதற்கு நம்ம பக்கத்தில் ஒரே ஒரு நாள்தான் உண்டு. தாலி கட்டுகிற அன்று அவன் மாப்பிள்ளைக்குக் கால் கழுவிவிடுவான், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவான். இந்தக் கொம்பையாவும் கழுவினான், பதினெட்டு வயதில், வேண்டுமென்றே ஐஸ் தண்ணீரில். அந்த இரண்டில் ஒன்றைத் தொலைத்துவிட்டு, மிச்சத்தைத் தினமும் இரண்டு வேளை அவன் மடியில் நீட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கனிக்குப் போன். "பாத்தாச்சு. பளபளன்னு இருக்கு." கொம்பையாவும் வாங்கி, "ஆமாக்கா, பாத்துட்டேன்" என்றான். பாவம், மைக்செட்காரனுக்குப் பொய்யைக்கூட மெதுவாகச் சொல்ல வரவில்லை.

மார்ச் 23

அறையில் இரு என்றால் நான் இருப்பேனா? ஆட்டோ பிடித்து ஹவா மஹால் பார்த்தோம். தொள்ளாயிரத்துச் சொச்சம் சின்ன ஜன்னல்கள். ராணிகள் உள்ளே உட்கார்ந்து, தெருவில் யார் யாரோடு போகிறார்கள் என்று பார்ப்பதற்காகக் கட்டியதாம். ஊர்வம்புக்கு அஞ்சு மாடியில் அரண்மனை! எங்கள் மண்டபத்தில் இந்த வேலையை நான் ஒருவனே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.

கண்ணாடி: பார்த்தேன். (பார்க்கவில்லை. ஆட்டோவில் போய் ஆட்டோவில் வந்த காலில் என்ன இருக்கப்போகிறது?)

மார்ச் 24

ஆமேர் கோட்டை. மலைமேல் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். மஞ்சள் கல்லில் எழும்பி நிற்கிறது, பார்த்ததும் எனக்கு வாயடைத்துவிட்டது. கொம்பையாவுக்கு அடைக்கவில்லை. "அத்தான், இதுக்கு சவுண்டு கட்டணும்னா நாப்பது பாக்ஸ் வேணும்."

உள்ளே ஓர் அம்மன் கோயில். செருப்பைக் கழற்ற வேண்டும். என்னுடையது ஆஸ்பத்திரிச் செருப்பு, மாட்டுவண்டி டயர் மாதிரி கறுப்பு ரப்பர். அது இல்லாமல் குளியலறைக்குக்கூடப் போகக் கூடாது என்பது கனியின் சட்டம்.

"நீங்க இந்த நிழல்ல இருங்க அத்தான். உங்களுக்கும் சேத்து நான் கும்பிட்டுட்டு வாரேன்."

"இம்புட்டு தூரம் வந்துட்டு அம்மன் வாசல்ல உக்காந்துட்டுப் போவவா? கழட்டி விடுடே."

வரிசை திறந்த முற்றத்தில் நின்றது. மணி பதினொன்றரை. கல் தரை வெயிலில் வெந்து கிடக்கிறது. முன்னால் நின்ற குஜராத்தி அம்மாள் சேலையைத் தூக்கிக்கொண்டு துள்ளுகிறாள். பின்னால் நின்ற பையன் அப்பா காலின்மேல் ஏறி நிற்கிறான். கொம்பையா ஒரு காலை வைத்து ஒரு காலை எடுத்து, கரகாட்டம். நான் மட்டும் அசையவில்லை. இரண்டு ஊன்றுகட்டை, ஒரு கால், இருபது நிமிஷம். ராஜா மாதிரி நின்றேன்.

"அத்தான், உங்களுக்குச் சுடலையா?"

"நம்மூரு சித்திரை வெயில் பாத்த காலுல்லா மாப்ள!"

ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். தவசி என்று நினைத்துவிட்டார்போல. நானும் ஆசீர்வாதம் பண்ணிவைத்தேன்.

பிறகு கண்ணாடி மஹால். ஒரு விளக்கு வைத்தால் ஆயிரம் விளக்காகத் தெரியுமாம். எட்டி நின்று பார்த்ததில் ஆயிரம் ஒற்றைக்காலர்கள் ஆயிரம் கொம்பையாக்களோடு நின்றார்கள், இரைச்சல் தாங்கவில்லை. எல்லாம் சுவரிலும் கூரையிலும்தான். தரையில் ஒரு கண்ணாடிகூடப் பதிக்கவில்லை.

கனி கேட்டாள்: "செருப்புப் போட்டுத்தான நடந்திய?"

"பின்ன?"

மார்ச் 25

செருப்புக்குள் ஈரம். குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும்.

இன்றைக்கு நான் குளிக்கவில்லை. அப்படியானால் நேற்றைய தண்ணீர்.

மார்ச் 26

கொம்பையா டீ குடிக்கப் போன நேரத்தில் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு சின்னக் கொப்புளம். புளியங்கொட்டை அளவு. சரி, கொஞ்சம் பெரிய புளியங்கொட்டை. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் பேசிவைத்துக்கொண்டு ஒன்றாகிவிட்டன. தோல் வெள்ளையாக உரிந்திருக்கிறது. வலி இல்லை. வலி இல்லாததை வியாதி என்று எப்படிச் சொல்வது?

மஞ்சள்பொடி வைத்துத் துணி சுற்றி மேலே சாக்ஸ் போட்டுவிட்டேன்.

கொம்பையாவிடம் சொன்னால் அவன் கனியிடம் சொல்லுவான், அதுவும் சங்கரன்கோவில் முழுக்கக் கேட்கிற மாதிரி. கனி அடுத்த ரயிலில் ஏறச் சொல்லுவாள். கால் செய்கிறவர்கள் முதலில் இதை ஆற்றிக்கொண்டு வா என்பார்கள். ஆறுவதற்குள் ஆவணி போய், தை போய்விடும். நாளைக்குக் கால். இன்னும் ஒரு நாள்தானே.

மார்ச் 27

நின்றேன்.

பன்வர்லால் காலை மாட்டி, வாரை இழுத்துக் கட்டி, இரண்டு கம்பிகளுக்கு நடுவில் என்னை நிறுத்தினார். எட்டு மாதத்துக்குப் பிறகு நிமிர்ந்து நின்று கொம்பையாவை மேலிருந்து பார்த்தேன். அவன் தலையில் வழுக்கை விழ ஆரம்பித்திருக்கிறது. எவ்வளவு நல்ல செய்தி!

மாட்டுவதற்கு முன்னால் அவர் என் வலது காலைத்தான் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"அந்தக் காலோட சாக்ஸையும் கழத்தச் சொல்லுதாரு அத்தான். சக்கரக்காரங்களுக்கு ரெண்டையும் பாத்துட்டுத்தான் மாட்டுவாராம்."

"போன வாரம்தான் டாக்டர் பாத்தாரு, சுத்தமா இருக்குன்னு சொல்லிரு."

கொம்பையா சொன்னான். அவன் இந்தியில் அது என்னவாகப் போய்ச் சேர்ந்ததோ. பன்வர்லால் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் மண்டபத்துச் சிரிப்பு ஒன்று சிரித்தேன், சாம்பார் தீர்ந்துபோன பந்தியில் சிரிப்பேனே, அது. அவரும் சிரித்துவிட்டார்.

கம்பியைப் பிடித்துப் பன்னிரண்டு அடி. பிடிக்காமல் ஏழு. ஏழாவது அடியில் கொம்பையா போட்ட கூச்சலில் பக்கத்து அறை நர்ஸ் ஓடிவந்தாள். அவன் எடுத்த வீடியோவில் என் தலை இல்லை, கால் மட்டும் நடக்கிறது. பரவாயில்லை, முதலாளிக்கு வேண்டியதும் அதுதான். அனுப்பினோம். கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் வந்தது.

கனிக்குப் போன் போட்டோம். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. "என்னட்டி, சளியா?" என்றேன்.

மார்ச் 28

காலையில், "அத்தான், உங்க செருப்புல எறும்பு சாரி சாரியாப் போவுது" என்றான்.

"இனிப்பு ஊருல்லா மாப்ள. எங்கயாவது பாகு சிந்தியிருக்கும்."

அவன் தட்டிக் கொடுத்தான். நான் போட்டுக்கொண்டேன். என் வியாதி என்னவென்று ராஜஸ்தான் எறும்புக்கும் தெரிந்துவிட்டது.

இரண்டு காலில் சிட்டி பேலஸ். ஒரு ராஜாவின் அங்கி வைத்திருக்கிறார்கள், நாலு கொம்பையாக்களை உள்ளே வைத்துத் தைக்கலாம். அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்தோம். கட்டையைத் தூரப் போட்டுவிட்டு எடுக்கச் சொன்னேன். முற்றத்தைத் தாண்டினேன். வாசல்வரை போனேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்து போகிறவனை யார் பார்ப்பார்கள்? எவ்வளவு சுகம்.

நாளைக்கே ரயில் என்றான். இன்னும் ஒரு நாள் இருந்து பழகிவிட்டுப் போவோம் என்று நான்தான் சொன்னேன். நடக்க நடக்க ஆசையாக இருக்கிறது.

மார்ச் 29

குளிர்கிறது. கம்பளி கேட்டேன். "ஊரே வேவுது, கம்பளி கேக்கிய?" என்றான் கொம்பையா, மின்விசிறிக்குக் கீழே பனியனோடு.

பிறகு மூக்கைச் சுளித்தான். "ரூம்ல எலி கிலி செத்துக் கிடக்கா?"

லாட்ஜ்காரரைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் கட்டிலைத் தூக்கினார்கள், அலமாரியை நகர்த்தினார்கள். நானும் கட்டையை எடுத்து, கட்டிலுக்கு அடியில் விட்டுத் துழாவினேன். "மெத்தைக்குள்ள இருக்கும்" என்று யோசனையும் சொன்னேன். அரை மணி நேரம் மூன்று பேரும் எலி தேடினோம்.

லாட்ஜ்காரர் போனபின் கொம்பையா அறை நடுவில் நின்று என்னைப் பார்த்தான். தரையில் உட்கார்ந்தான். வலது காலைப் பிடித்தான்.

"விடு மாப்ள."

"வாய மூடும் வே."

இருபத்தாறு வருஷத்தில் இன்றுதான் அவன் 'அத்தானை' விட்டு என்னை 'வே' போட்டான். சாக்ஸைக் கழற்றினான். துணியை அவிழ்க்க முடியவில்லை, ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு விட்டு எடுத்தான். எடுத்துவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றினான். ஆஸ்பத்திரி வரைக்கும் பேசவில்லை. கொம்பையா இப்படிப் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 30, ஆஸ்பத்திரி

டாக்டர் சின்னப் பையன். கொம்பையாவின் இந்தியை நம்பாமல், தேங்காய் வியாபாரி ஒருவரைத் தமிழ் பேசுவதற்கென்று எங்கிருந்தோ கூட்டிவந்தார்கள்.

"எலும்பு வரைக்கும் போயிருச்சாம். விஷம் ரத்தத்துல ஏறிட்டிருக்காம். கால எடுக்கலைன்னா ஆளே போயிருவீங்களாம்" என்றார் அவர். நிறுத்திவிட்டு, "நாலு நாளைக்கு முன்னாடி வந்திருந்தா காலக் காப்பாத்தியிருக்கலாம்னு சொல்றாருங்க" என்றார்.

கையெழுத்துப் போட்டேன். மண்டபத்து ரசீதில் போடுகிற அதே கையெழுத்து, வால் நீட்டி.

கொம்பையா வராந்தாவில் போனை வைத்துக்கொண்டு நின்றான். "நான் தெனமும் பாத்துட்டேன் பாத்துட்டேன்னுல்லா சொன்னேன். அக்காட்ட என்னத்தச் சொல்லுவேன்?" என்றான். இவ்வளவு மெல்லிய குரல் அவனிடம் எங்கே இருந்தது?

மார்ச் 31

நாளைக் காலை.

ஏப்ரல் 2

கனி நேற்று வந்துவிட்டாள். முதல்முறையாக விமானம் ஏறியிருக்கிறாள். நான் மயக்கத்தில் இருந்தபோதே வந்திருக்கிறாள். கண் விழித்தபோது, பக்கத்து ஸ்டூலில், மடியில் கைப்பையோடு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, திட்டவில்லை. தம்பியிடம் பேசுகிறாள், நர்ஸிடம் கைஜாடையில் பேசுகிறாள். என்னிடம் பேசவில்லை.

சும்மா இருக்க முடியாமல் நான்தான் ஆரம்பித்தேன். "இதும் நல்லதுக்குத்தான். ஜோடியாச் செஞ்சு வாங்கிட்டா உயரத்தையும் ரெண்டு இஞ்சு கூட்டிக்கிடலாம்லா?"

எழுந்து வெளியே போனாள்.

வெகுநேரம் கழித்து வந்தாள். கையில் இந்த டைரி. ஆபரேஷனுக்கு என்னைக் கொண்டுபோனபோது தலையணைக்கு அடியில் இருந்ததைக் கொம்பையா எடுத்து அவளிடம் கொடுத்திருக்கிறான். முழுக்கப் படித்துவிட்டாள்.

"எலி தேடினியளாக்கும்."

நான் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"தெரிஞ்சிருக்கு. ஒவ்வொண்ணும் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டே சிரிப்பா எழுதியிருக்கிய. நான் அங்க போன வச்சிட்டு, சாமி படத்துக்கு முன்னால நின்னு, இன்னைக்கும் கால் நல்லா இருக்குன்னு கும்பிட்டுட்டுப் படுத்திருக்கேன்."

"கனி..."

"நீங்க சொல்லுத எல்லாத்துக்கும் இருபத்தாறு வருஷமாச் சிரிச்சிருக்கேன். முதக் காலு போனப்பவும் நீங்க சொன்னியளேன்னு சிரிச்சேன். எனக்கு இனிச் சிரிப்பு வராது." டைரியை என் நெஞ்சுமேல் வைத்தாள். "ஒரே ஒரு பக்கம், கேலி கிண்டல் இல்லாம எழுதுங்க. எழுதி என்ட்ட குடுங்க. அதுக்கப்புறம் பேசுவோம்."

ஏப்ரல் 3

மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். முதல் வரியிலேயே கேலி வந்துவிடுகிறது. இது நாலாவது.

வலது காலை ஏப்ரல் ஒன்றாம் தேதி காலையில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

கோட்டையில் செருப்பைக் கழற்றச் சொன்னது நான். கொம்பையா வேண்டாம் என்றான். எல்லோரும் துள்ளுவதைப் பார்த்தேன், கல் சுடுகிறது என்று தெரியும். துள்ளாமல் நிற்பது பெருமையாக இருந்தது.

இருபத்தாறாம் தேதி பார்த்தபோதே அது என்ன என்று தெரியும். சொன்னால் புதுக் கால் கிடைக்காது என்று சொல்லவில்லை. கிடைத்த பிறகும் சொல்லவில்லை. நடக்க ஆசையாக இருந்தது. ஒரு நாள் போதும் என்று நினைத்தேன். பிறகு இன்னும் ஒரு நாள் என்று நினைத்தேன்.

கொம்பையாவை ஒன்றும் சொல்லாதே. அவன் கேட்டான். நான் காட்டவில்லை.

உன்னிடம் எட்டு நாளாகப் பொய் சொன்னேன்.

முதலாளிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடு. சாவி அந்தப் பையனிடமே இருக்கட்டும். இனி நான் எழுந்து நிற்பேனா என்று தெரியவில்லை. என்னைத் தூக்கி உட்காரவைப்பது, கழிவறைக்குக் கொண்டுபோவது எல்லாம் உன் தலையில்தான் விழும். உனக்கும் முதுகுவலி இருக்கிறது. அதை நினைத்தால் இந்த ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வரவே பிடிக்கவில்லை.

நேற்று நீ வெளியே போனபோது திரும்பி வரமாட்டாய் என்று நினைத்தேன். கூப்பிட நினைத்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, கனி.